நொங்கு வண்டி ஓடும்ங்க

சுளை எடுத்த ரெண்டு நொங்குக் கூட்டைக் குச்சியில சக்கரமா மாட்டி, கவட்டைக் கம்பால தள்ளிட்டு ஓடறதுதாங்க நொங்கு வண்டி. கோடை முகாம் ஒண்ணுல பிள்ளைக அதை ஓட்டற வீடியோவைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலைங்க. பத்தடி போறதுக்குள்ள சக்கரம் கழண்டு விழுது, பிள்ளைக மொகம் சுண்டிப் போகுது, கீழே "அந்தக் காலத்து வண்டி அவ்வளவுதான்"னு எழுதியிருக்காங்க. வண்டி மேல தப்பே இல்லைங்க. செஞ்ச விதம்தான் தப்பு.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. ஒரு பக்கம் பெரிய நொங்கு, மறுபக்கம் சின்னது. அப்படி மாட்டினா சின்னச் சக்கரத்துப் பக்கமா வட்டமடிக்கும், நேரா எப்படிப் போகும்? அதுலயும் ரெண்டும் வழுவழு இளநொங்கு, ரெண்டு உருட்டுல ஓரம் நசுங்கிரும். சுளை முத்திக் கெட்டியாகிக் கடுக்காய் ஆகறதுக்குச் சித்தெ முந்தின பதம் வேணும். கட்டைவிரலை விட்டா சுளை வரணும், கூட்டை அழுத்தினா அமுங்கக் கூடாது.

அச்சுக் குச்சியைக் கொண்டுபோய்க் கண்ணுக்குள்ள சொருகியிருக்காங்க. கண்ணு வெறும் குழி, அங்கே பிடிமானம் ஏது? மூணு கண்ணுக்கும் நடுவுல இருக்கற நார்ச் சதையிலதான் குச்சி இறங்கணும். குச்சி விரல் கனம், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவால ஒரு சாண் இடைவெளி. பச்சைக் குச்சி ஆகவே ஆகாது, வெயில்ல சுருங்கி நழுவிரும். காஞ்ச குச்சின்னா நொங்கு ஈரத்தைக் குடிச்சு ஊறி இறுகிக்கும். வேலிக் கிளுவை முறிஞ்சிரும், கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் காட்டு, வெள்வேலாங்குச்சி தாங்கும். தள்ற கவட்டைக்குள்ள அச்சு லேசா சுத்தணும். அங்கே இறுகினா சக்கரம் உருளாது, இழுபடும். சில நாள்ல நார் காஞ்சு ஓட்டை பெருசாகும், அப்ப சின்ன ஆப்பு ஒண்ணு அடிச்சாப் போதும். இவ்வளவுதாங்க. ஓடும்.

"பிளாஸ்டிக் வண்டி வருஷக்கணக்குல உழைக்குமே"ன்னு கேப்பீங்க. உழைக்கட்டும். அது ஒடைஞ்சாக் குப்பை, இது ஒடைஞ்சா மாட்டுக்குத் தீனி.

"வறுமையைப் பெருமை பேசறீங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. இதுதாங்க வலிக்குது. குமிச்சுக் கிடக்கற கூட்டைப் புரட்டி ஜோடி சேர்க்கறது, நடுவைக் கண்ணாலயே அளக்கறது, இதெல்லாம் எட்டு வயசுப் பிள்ளை கையில வர்ற வித்தை. அதை வறுமைன்னு தள்ளிவிட எப்படிங்க மனசு வருது?

நொங்கு வேணும்னாப் பொண்ணுப் பனை வேணும். அது காய்க்கவே பன்னெண்டு, பதினஞ்சு வருசம் ஆகும். மாநில மரம்னு பேரு வெச்சிருக்கோம். கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாலயே நம்ம பக்கம் எத்தனை வரப்புப் பனை செங்கச் சூளைக்குப் போச்சு! ஏறறவங்களும் கொறைஞ்சுட்டாங்க. வண்டி ஓடலைன்னு இன்னைக்குச் சிரிக்கறவங்க, அந்த மரமெல்லாம் லாரி ஏறினப்ப ஒரு வார்த்தை கேட்டீங்களா?

முகாம் நடத்தறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை சீவிப்போட்ட கூட்டை அள்ளிட்டு வராதீங்க. குலையோட வாங்குங்க. மரம் ஏறறவரையே கூப்பிட்டு, கூலி குடுத்து, பிள்ளைக முன்னால சீவச் சொல்லுங்க. பதம் பார்த்து, ஜோடி பார்த்து அவரே எடுத்துக் குடுப்பாருங்க.