கிரிகிரி தானா லாக் ஆகும், கையை விட்டுடலாம்னு சொல்றது தப்பு

கிரிகிரிங்கறது கிளைம்பிங்ல (பாறை, சுவர் ஏறறது) ஏறறவரோட கயிறைப் பிடிச்சு நிறுத்த உதவற கருவி. "கிரிகிரி மாட்டிட்டா கயிறு தானா லாக் ஆயிடும், பிலே பண்றவங்க (கீழ நின்னு அந்தக் கயிறைப் பிடிக்கறவங்க) கையை எடுத்துடலாம்"னு ஒரு மெசேஜ் சுத்துது, தயவுசெஞ்சு நம்பாதீங்க. 1991ல இதைக் கொண்டுவந்த பிரான்ஸ் கம்பெனி பெட்ஸலே பிரேக் பக்க கயிறை (கருவிலேருந்து பிலே பண்றவர் கைக்கு வர்ற பக்கம்) எப்பவும் பிடிச்சுக்கணும்னுதான் சொல்லுது.

உள்ள ஒரு கேம் (cam, திரும்பற சின்ன உலோகத் துண்டு) இருக்கு, மேல ஏறினவர் விழும்போது கயிறு வெடுக்குனு இழுபட்டா அது திரும்பி கயிறை நசுக்கிப் பிடிக்கும், கார் சீட் பெல்ட் மாதிரி. ஆனா கேம் திரும்ப பிரேக் பக்க கயிறுல கொஞ்சமாவது பிடி வேணும், ஆள் மெதுவா சரிஞ்சாலோ, கயிறு மெலிசா வழுக்கலா இருந்தாலோ, கயிறு குடுக்கற அவசரத்துல கேமை கட்டைவிரலால அமுக்கிட்டே இருந்தாலோ லாக் ஆகாமலே ஓடிடலாம். 2019 மாடல் 8.5லேருந்து 11 மில்லிமீட்டர் கயிறுக்குத்தான். கயிறைத் தலைகீழா மாட்டினா லாக்கே ஆகாது, அதனாலதான் ஏறறதுக்கு முன்னாடி ஒருதடவை வெடுக்குனு இழுத்துப் பாக்கறது.

எனக்கு ரொம்ப பயம் மேல இருக்கறவரை கயிறுல கீழ இறக்கும்போதுதான். பதட்டத்துல கிரிகிரியோட கைப்பிடியை முழுசா இழுத்துடறாங்க, அப்போ கேம் கயிறை விட்டுடும், மிச்சம் இருக்கறது பிரேக் கை மட்டும்தான். கிரிகிரி பிளஸ்ங்கற மாடல்ல இதுக்குன்னே தடுப்பு வச்சிருக்காங்க. சாதா ட்யூப்ல (இன்னொரு எளிய பிலே கருவி) கேமே கிடையாது, அங்க கையை விட்டா ஆள் நேரா கீழதான்.