‘வீட்லதான் இருக்கேன்’ என்று ஒரு பெண் சொன்னால் படிவத்தில் என்ன எழுதுவீர்கள்?

பண்ருட்டிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று “வேலைக்குப் போறீங்களாம்மா?” என்று கேளுங்கள். “இல்லப்பா, வீட்லதான் இருக்கேன்” என்பார். கையைப் பார்த்தால் முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். காலையிலிருந்து கொட்டை உடைத்தவர்தான் அவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் வேலை என்றால் அவர் மனதில் இருப்பது பஸ் ஏறிப் போய் மாசச் சம்பளம் வாங்குவது. கேட்டவர் 92 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால், நாட்டின் கணக்கில் ஒரு தொழிலாளி குறைந்துவிட்டார்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 92 என்பது ‘வீட்டு வேலை மட்டும்’. வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது என்றால் 93. இரண்டுமே உழைப்பாளர் கணக்குக்கு வெளியே. வீட்டில் வைத்துத் தானே கூலிக்கு உடைத்துக் கொடுத்தால் 11. கணவர் எடுத்து வரும் மூட்டையைச் சம்பளமில்லாமல் கூட உட்கார்ந்து உடைத்தால் 21. இந்த எண்களில் எது விழும் என்பது கூடுதலாக ஒரு கேள்வி கேட்டோமா இல்லையா என்பதில் இருக்கிறது.

2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் வாழ்நாளெல்லாம் செய்த வேலையின் அடித்தளம் இதுதான். ஹார்வர்டு பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பேராசிரியரான முதல் பெண் அவர், 1990-இல். அமெரிக்காவின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்ணின் தொழில் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வயலிலும் குடும்பத் தொழிலிலும் அந்தப் பெண் செய்த வேலை ஏட்டில் ஏறவே இல்லை. நேரப் பயன்பாட்டுக் குறிப்புகளையும் தொழிற்சாலைப் புள்ளிவிவரங்களையும் வைத்து கோல்டின் திருத்திப் பார்த்தபோது, 1890-களின் இறுதியில் மணமான பெண்களில் வேலை செய்தவர்களின் விகிதம் ஏட்டில் இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று வந்தது. இருநூறு ஆண்டுக் கதையே மாறிப்போனது. பொருளாதாரம் வளர வளரப் பெண்களின் வேலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பியிருந்தார்கள். வயலை விட்டுத் தொழிற்சாலைக்கு உழைப்பு மாறிய காலத்தில் அது இறங்கி, பிறகு அலுவலக வேலைகள் பெருகியபோதுதான் ஏறியது என்று அவர் காட்டினார்.

நம் ஊரில் எம்.ஏ. பொருளாதாரம், எம்.எஸ்.டபிள்யூ. படிப்பவர்கள் ஆய்வுக்குப் போகும்போது தயவுசெய்து ‘வேலைக்குப் போறீங்களா’ என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். “நேத்து எத்தன மணிக்கு எழுந்தீங்க, அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க” என்று ராத்திரி படுக்கும் வரை மணிக்கணக்காகக் கேளுங்கள். அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். வீட்டு ஆண் பதில் சொன்னால் “அவ சும்மாதான் இருக்கா” என்றுதான் வரும். கிலோக் கூலி என்றால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், கூட யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மாமியாரும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் சேர்ந்து உடைத்ததை ஒருவர் கணக்கில் போட்டால் மணிக்கூலி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

மாதமும் முக்கியம். கடலூர் முதுநகரில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் பெண்ணிடம் மே மாதம் போய் ‘போன வாரம் என்ன வேலை’ என்றால் என்ன சொல்வார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. வாரக் கணக்கில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே சேர்த்துக்கொள்வார்கள். ஆனாலும் தடைக்காலத்தில் பலருக்கு அதுவும் கிடைக்காது. அதனால் முழு ஆண்டையும் கேட்க வேண்டும். துணை வேலையாக 30 நாள் செய்திருந்தாலே ஆண்டுக் கணக்கில் இடம் உண்டு.

சம்பளத்துக்கு வருகிறேன். ‘ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடுத்தாச்சு, இன்னும் என்ன’ என்று கேட்பவர்களுக்கு கோல்டின் வேறு இருவரோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வைச் சொல்வேன். சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்த ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே சம்பளத்தில்தான் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் பெரிய இடைவெளி. படித்த பாடங்களில் இருந்த வித்தியாசம் ஒரு காரணம். வேலையில் விட்ட இடைவெளியும் வாரத்துக்கு உழைக்கும் மணி நேரமும் மற்ற இரண்டு. அந்த இரண்டும் பெரும்பாலும் குழந்தை பிறந்ததோடு ஒட்டி வருபவை. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருபவருக்கு மணிக்கு மணி கூடுதல் மதிப்புத் தரும் வேலைகளை கோல்டின் ‘பேராசை வேலை’ என்கிறார்.

இதற்கு மாற்றாக அவர் காட்டுவது மருந்தாளுநர் தொழிலை. அமெரிக்காவில் சொந்தக் கடைகள் போய்ச் சங்கிலிக் கடைகள் வந்தன. நோயாளியின் மருந்துக் குறிப்பு கணினிக்கு வந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம் என்றானது. பாதி நேரம் வேலை செய்தால் பாதிச் சம்பளம், தனியாகத் தண்டனை எதுவும் இல்லை. பெண்களுக்கென்று யாரும் செய்த சலுகை இல்லை இது. வேலையின் அமைப்பு மாறியது, அவ்வளவுதான்.

புதுச்சேரி, கடலூர் நிறுவனங்களில் மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் இதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆண் சராசரி, பெண் சராசரி என்று இரண்டு எண்ணோடு நிறுத்தாதீர்கள். சேர்ந்த ஆண்டு, விடுப்பு எடுத்த மாதங்கள், முதல் குழந்தையின் வயது, ஷிப்ட், பதவி உயர்வு வந்த தேதி என்று வரிசையாகப் போட்டு, ஒரே ஆண்டில் ஒரே சம்பளத்தில் சேர்ந்தவர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கோடுகள் எந்த ஆண்டில் பிரிகின்றன என்று பாருங்கள். பிரியும் இடத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் யாருக்கு ஷிப்ட் மாறியது, யார் ‘ராத்திரி வர முடியாது’ என்று சொன்னார்கள் என்று அடுத்ததாகத் தேடுங்கள்.