தட்டின் அடியில் இருக்கும் பெயர்

2009 ஜனவரியில் ரோசன்தால் பீங்கான் நிறுவனம் திவாலானபோது, நூறு வருஷத்துக்கு மேல் நின்ற ஜெர்மன் குடும்ப நிறுவனம் போச்சே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. குடும்பத்தின் கையிலிருந்து அது பிடுங்கப்பட்ட வருஷம் 1934.

அப்பா, மகன் இருவருக்குமே ஃபிலிப் என்றுதான் பெயர். அதனால் பெரியவர், சின்னவர் என்றே சொல்கிறேன்.

பெரியவர் 1855-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் அமெரிக்கா போய்ப் பாத்திரம் கழுவி, பிறகு பீங்கான் கொள்முதல் வேலை பார்த்து, 1879-ல் ஊர் திரும்பினார். பவேரியாவில், செக் எல்லையை ஒட்டிய ஸெல்ப் என்ற சின்ன ஊரில் ஹுட்ஷென்ரொய்டர் என்ற இன்னொரு குடும்பம் ஏற்கெனவே பீங்கான் சுட்டுக்கொண்டிருந்தது. அவர்களிடம் வெள்ளைப் பாத்திரம் வாங்கி, மேலே சித்திரம் தீட்டி விற்றார். தீட்டியவர் அவர் மனைவி மட்டில்டே. பக்கத்து எர்கெர்ஸ்ரொய்ட் மாளிகையில்தான் பட்டறை. முதலில் நன்றாக ஓடிய சரக்கு என்ன தெரியுமா? எரியும் சுருட்டை வைக்க ஒரு சாம்பல் தட்டு! இந்தப் பளபளப்பான பெயரின் அஸ்திவாரம் அதுதான் என்பதில் எனக்கு ஒரு அலாதி சந்தோஷம்.

பிறகு சொந்தச் சூளை, 1897-ல் பங்கு நிறுவனம். பீங்கானுக்குக் கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கல்வகைகள், மூன்றையும் அரைத்துக் குழைத்து, சுமார் 1,400 டிகிரியில் சுட வேண்டும். சூளைக்குள் பாத்திரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். சுருங்கிய பிறகு என்ன அளவில் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் அச்சு செய்வார்கள். அந்தக் கணக்கில் தேர்ந்த ஊர் அது. அரைத்த தூசு நுரையீரலில் படிந்து நோய்பட்ட தொழிலாளர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். பீங்கானை வெள்ளைத் தங்கம் என்று பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்வது குறைவு.

நாஜிகள் வந்தார்கள். 1934-ல், எண்பதை நெருங்கிய பெரியவரை அவர் நிறுவனத்தை விட்டே வெளியேற்றினார்கள். 1937-ல் பான் நகரில் இறந்துபோனார். ஆனால் ரோசன்தால் என்ற யூதப் பெயரை மட்டும் தட்டுக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. வெளிநாட்டில் விலைபோன பெயராயிற்றே! ஆள் வேண்டாம், அவன் பெயர் வேண்டும். இதைவிடக் கேவலமான வியாபார புத்தியை நான் கண்டதில்லை.

சின்னவர் கதை வேறு மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். போர் தொடங்கியதும் ஹிட்லரை எதிர்க்கப் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொண்டு, தப்பித்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். போர் முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பியவர் 1950-ல் அப்பாவின் நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் நுழைந்தார். 1958-ல் நிர்வாகத் தலைவர். பாட்டன் காலத்துப் பூ வேலைப்பாடே போதும் என்று இருந்த தொழிலுக்குள் ரேமண்ட் லோவி, டாப்பியோ விர்க்கலா போன்ற நவீன வடிவமைப்பாளர்களைக் கூட்டிவந்தார். கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோப்பியஸ் அவருக்கு ஒரு தேநீர்க் குடுவையும் வடிவமைத்தார், ஸெல்பில் ஒரு தொழிற்சாலையும் கட்டிக்கொடுத்தார். 1967-ல் திறந்த அந்தத் தொழிற்சாலைக்குள் தொழிலாளர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு செடிகொடிக் கூடமும் அமைத்தார்கள்.

எனக்கு அவரிடம் பிடித்தது இந்தக் கலைநயத்தைவிட வேறொன்று. 1963 முதலே தொழிலாளர்களுக்கு நிறுவன மூலதனத்தில் பங்கு கொடுத்தார். முதலாளியாக இருந்துகொண்டே, தொழிலாளர் பக்கம் நிற்கும் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து 1969-ல் நாடாளுமன்றம் போனார். பொருளாதார அமைச்சகத்தில் கிடைத்த பதவியை ஓராண்டு சொச்சத்தில் உதறினார். பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு, கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தானே தோன்றும்? இவர் பகிர்ந்தார்.

அதை வைத்து, குடும்ப முதலாளி என்றாலே தொழிலாளியை நன்றாக வைத்துக்கொள்வான் என்று முடிவுகட்டாதீர்கள். அது சின்னவரின் குணம், பரம்பரைச் சொத்துக்கு அப்படி ஒரு குணமும் கிடையாது. 1981-ல் அவர் நிர்வாகத்திலிருந்து இறங்கினார். 1997-ல் வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் என்ற கண்ணாடி, பீங்கான் நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. அது சரிந்தபோது ரோசன்தாலும் சேர்ந்து விழுந்தது. 2009-லேயே இத்தாலியின் சாம்போனெட் என்ற மேஜைச் சாமான் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அதன் பிறகும் ஸெல்பில் சூளை எரிந்தது. பெயரை இந்தத் தடவையும் மாற்றவில்லை. வாங்கினவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் கோபமெல்லாம் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டவர்கள் மேல்தான்.