ஜன்னலை அடைத்தாயிற்று, சந்தோஷமா?

நம்ம ஊர்க் கோயில், அதாவது வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சர்ச், அதன் தெற்குச் சுவரோடு ஒட்டிக் கமிட்டி புது ஹால் கட்டிவிட்டது. அது தப்பு என்று சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குரூப்பில் என்மேல் பாய்ந்துவிட்டார்கள். அங்கே பதில் போடப் போனால் அட்மின் குரூப்பைப் பூட்டிவிட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஹால் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கோயில் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள் என்றுதான் சொன்னேன். பத்தடி தள்ளிக் கட்டக்கூடாதா? பின்னால் அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது?

தெற்குச் சுவரில் இருந்த மூன்று கூர்வளைவு ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்து, அந்தப் பக்கம் மேடை போட்டுவிட்டார்கள். அந்த ஜன்னல்கள் என்ன, அழகுக்கா வைத்தது? தெற்கே நுழைகிற காற்று வடக்கு ஜன்னல் வழியாக வெளியே போகும். கரண்ட் வராத காலத்தில் ஜனங்கள் இரண்டு மணி நேர ஆராதனையில் உட்கார்ந்தது அந்தக் காற்றை நம்பித்தான். இப்போது புழுங்குகிறது, ஏசி வேண்டும் என்கிறார்களாம். போடுங்கள், நல்லா போடுங்கள்.

அப்புறம் அந்த சிமெண்ட் பூச்சு. அது சுண்ணாம்புச் சுவர். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசி, போதாததற்கு இடுப்பளவு டைல்ஸும் ஒட்டினால் ஈரம் எங்கே போகும்? உள்ளேயே நின்று உப்புப் பூக்கும், பூச்சு பெயர்ந்து விழும். ஹாலின் கான்கிரீட் தளத்து மழைத் தண்ணீரும் அந்தச் சுவர் இடுக்கில்தான் இறங்கப் போகிறது. பழைய அஸ்திவாரத்தை ஒட்டிப் புதுக் குழி தோண்டினால் இரண்டும் ஒரே மாதிரி இறங்காது, இணைப்பில் விரிசல் விடும். இதை எழுத்தில் கொடுத்தேன். "பார்ப்போம் தம்பி" என்றார்கள். பார்த்துவிட்டார்கள்.

"அசனத்துக்கு மழை வந்தா சனம் எங்க உக்காரும்?" என்று கோயில் பொது விருந்தை நினைத்து ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் பத்தடி தள்ளி என்றேன்.

"இது என்ன பெரிய மெஞ்ஞானபுரமா?" என்று இன்னொருவர். சரி, அந்த ஊர் சர்ச்சுக்கு இருக்கிற மாதிரி 192 அடி கோபுரம் நம்மிடம் இல்லை. இடையன்குடியில் பிஷப் கால்டுவெல் கட்டிய கோயில் 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருஷம்! நாம் எட்டே மாதத்தில் ஹாலை எழுப்பிவிட்டோம், கெட்டிக்காரர்கள்தான்.

"வெள்ளைக்காரன் கட்டினதுக்கு என்ன இவ்வளவு பாசம்?" என்ற கேள்விதான் உறுத்துகிறது. பிளான் போட்டது வெள்ளைக்காரராக இருக்கலாம். சிப்பி சுட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு, சுண்ணாம்பு அரைத்துப் பூசியது யார்? எங்கள் பூட்டனார் நம்ம கோயில் கட்டும்போது கொத்தனாராக நின்றவர். என் அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும் ஒவ்வொரு பண்டிகைக்கு முந்தின வாரமும் அந்தத் தெற்குச் சுவருக்கு வெள்ளையடித்தார், கூலி வாங்காமல். வாளி தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போவேன். ஜன்னல் வளைவுக்குள் மட்டும் என்னை அடிக்க விடமாட்டார். கோடு கோணிவிடுமாம்.

வெளியூரில் இருந்துகொண்டு பேசாதேயும் என்கிறீர்கள். கட்டிட நிதிக்கு மட்டும் வெளியூர்க்காரன் போன் நம்பர் தேடிக் கிடைத்ததே? பணம் போட்டேன், ரசீது கூட இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் நாற்பது பேருக்கு மேல் பெயர் வெட்டியிருக்கிறார்கள், பந்தல் போட்டவர் உட்பட. அப்பா பெயர் இல்லை. அந்தக் கோபத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்பீர்கள். இல்லை. சரி, கொஞ்சம் அதுவும்தான்.

கழற்றிய மூன்று தேக்கு ஜன்னல்களும் கக்கூஸுக்குப் பின்னால் நனைந்துகொண்டு கிடக்கின்றன. கரையான் ஏறுவதற்குள் எனக்குக் கொடுத்துவிடுங்கள். விலையைக் கமிட்டியே சொல்லட்டும், பேரம் பேசமாட்டேன். வண்டியும் நானே அனுப்புகிறேன்.