ஏஇடி கருவி பற்றிப் பரவும் தவறான செய்தி

ஏஇடி (AED) என்பது, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்வால் சீராக்கும் தானியங்கிக் கருவி. "திடலில் மயங்கி விழும் ஆட்டக்காரருக்கு ஏஇடி கருவியை மருத்துவர் மட்டுமே பொருத்தலாம், மற்றவர் பொருத்தினால் நன்றாகத் துடிக்கும் இதயமும் நின்றுவிடும்" என்றொரு செய்தி, பல்கலைக்கழக மாணவர்களின் பெற்றோர் வழியாகப் மலேசியாவின் பீடோங் தோட்டப்புறப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பரவுகிறது. இது உண்மையன்று. நெஞ்சில் ஒட்டப்படும் இரு பட்டைகள் வழியே கருவியே இதயத் துடிப்பை ஆராய்ந்து, மின்னதிர்வால் சீராகக்கூடிய தாறுமாறான துடிப்பைக் கண்டால் மட்டுமே அதிர்வு தரும். செய்ய வேண்டியதைக் குரலிலும் சொல்லும். வியர்த்த நெஞ்சைத் துடைத்துவிட்டே பட்டையை ஒட்ட வேண்டும் (நம் வெயிலில் இதை மறக்கலாகாது). நெஞ்சழுத்த முதலுதவியும் அதிர்வும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைப்பதால், மருத்துவருக்காகக் காத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. 2021இல் ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்து ஆட்டத்தில் சரிந்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், திடலிலேயே நெஞ்சழுத்தமும் அதிர்வும் கிடைத்துப் பிழைத்தார். உணர்வும் சீரான மூச்சுமின்றி ஒருவர் கிடந்தால் 999ஐ அழைத்து, கருவி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள்.