மாணவர்களிடம் நம் நிராகரிப்புக் கடிதங்களையும் காட்டுவோம்

ஆய்வு மாணவர் ஒருவரைப் பார்த்ததும் ‘இதுவரை எத்தனை கட்டுரை வெளிவந்திருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்குக் குறைவே இல்லை. ‘கட்டுரை எழுத உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?’ என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆய்வு முறையியலுக்குப் பாடம் உண்டு, புள்ளியியலுக்குப் பாடம் உண்டு, மென்பொருளுக்குப் பயிற்சி உண்டு. எழுத்து மட்டும் போகப்போகத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். அது வராதபோது மாணவருக்கு மொழி போதவில்லை என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

மொழி அல்ல சிக்கல் என்பது என் கருத்து. மாணவர் தம் கண்ணால் காண்பதெல்லாம் அச்சில் வந்த கட்டுரைகள் மட்டுமே. அவற்றுக்குப் பின்னால் கிழித்துப்போட்ட வரைவுகள், கட்டுரையை வெளியிடலாமா என்று இதழுக்காகப் படித்துச் சொல்லும் மதிப்பாய்வாளரின் கூர்மையான கேள்விகள், கட்டுரையாசிரியர் தயங்கித் தயங்கி எழுதிய பதில்கள், வேறு இதழ்களிலிருந்து திரும்பி வந்த வரலாறு ஆகிய எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. கட்டி முடித்து வெள்ளையடித்த வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சாரம் கட்டக் கற்றுக்கொள்ள முடியுமா?

என் முதல் கட்டுரையின் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டியெடுத்து, தலைப்பை மாற்றி, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் நான்கு வரிகளில் பதில் வந்தது. மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் இதழாசிரியர் தம் மேசையிலிருந்தே திருப்பிவிட்டிருந்தார். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு, எங்கள் துறையில் எனக்கு மூன்றாண்டு மூத்தவரான, நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைக்கும் ஆய்வாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, ‘இந்த முன்னுரையில், வேறு யாருடைய கட்டுரையிலும் அப்படியே இருக்கக்கூடிய வாக்கியங்களையெல்லாம் அடித்துவிட்டு வா’ என்றார். நான்கு பக்க முன்னுரையில் அடிபடாமல் மிஞ்சியவை ஆறு வரிகள். அந்த ஆறு வரிகளும் நான்காம் பக்கத்தின் கடைசியில் கிடந்தன.

ஆய்வேட்டுக்கும் கட்டுரைக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்றுதான் விளங்கியது. ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதப்படுவது. நான் இதையெல்லாம் படித்திருக்கிறேன், இந்த முறைகளையெல்லாம் அறிவேன் என்று அது மெய்ப்பிக்க வேண்டும். கட்டுரையைப் படிப்பவர் தேர்வாளர் அல்லர். அவர் தம் சொந்த ஆய்வின் நடுவே நேரமில்லாமல் வந்து நிற்கும் சக ஆய்வாளர். நான் எவ்வளவு படித்தேன் என்பது அவருக்குத் தேவையில்லை, நான் என்ன கண்டேன், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே தேவை. இந்த வேறுபாட்டை உணராமல், ஆய்வேட்டைச் சுருக்கினால் கட்டுரையாகிவிடும் என்று நினைத்து இறங்குவதால்தான் பெரும்பாலான முதல் கட்டுரைகள் மூச்சுமுட்டிப்போகின்றன.

எழுதும் வரிசையும் ஒருவரும் சொல்லித்தராத ஒன்று. அச்சில் சுருக்கம் முதலில் இருப்பதால் மாணவர் சுருக்கத்திலிருந்து தொடங்கி, அங்கேயே ஒரு மாதம் உட்கார்ந்துவிடுகிறார். நானறிந்த பலர் அட்டவணைகளையும் படங்களையும் முதலில் வரிசைப்படுத்தி, அவை தமக்குள் ஒரு வாதமாக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்து, செய்த வேலையை அப்படியே விவரித்தால் போதும் என்பதால் ஆய்வு முறைப் பகுதி, பிறகு முடிவுகள், அதன்பின் விவாதம், இவையெல்லாம் நின்ற பிறகே முன்னுரை, எல்லாம் முடிந்த பின் சுருக்கம். இது சட்டமல்ல, சமூகவியல், இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் வாதமே கட்டுரையின் உடலாக இருப்பதால் அங்கே எழுத்து வேறு விதமாக நகரும். ஆனாலும் வாசிப்பின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒன்றல்ல என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

இங்கே தாய்மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் கட்டுரை எழுதுவது நாம் சிந்திக்கும் மொழியில் அல்ல. ஆங்கிலத்தில் நேரடியாகத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு ஏற்பத் தம் சிந்தனையை வளைத்துக்கொள்கிறார். எந்த வாக்கியம் எழுத வருகிறதோ அதுவே அவருடைய கருத்தாகிவிடுகிறது. என்னிடம் வரும் மாணவர்களிடம், கட்டுரையின் மையக் கருத்தை முதலில் தமிழில், துறை சாராத நண்பர் ஒருவரிடம் பேசிக் காட்டிவிட்டு வருமாறு சொல்கிறேன். தமிழில் தடுமாறும் இடம் மொழியின் குறையாக இருக்க முடியாது. அங்கே ஆய்விலேயே ஏதோ தெளியாமல் இருக்கிறது.

தெளிவு என்பது மேதைகளையும் விட்டுவைக்காத பாடம். சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக்கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1911-இல் வெளிவந்தது. அவருடைய முறைகள் புதியவையாகவும் மிகவும் சுருக்கமாகவும் இருந்தன. எடுத்துரைப்பில் தெளிவு போதாததால் வாசகர் பின்தொடர முடியவில்லை என்று அந்த இதழின் ஆசிரியரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். கையெழுத்துப்படி ஒருமுறைக்கு மேல் திரும்பிச் சென்று திருத்தப்பட்ட பிறகே அச்சேறியது. கணிதத்தில் ஒருவராலும் எட்ட முடியாத இடத்தில் இருந்தவருக்கும், படியைத் திருப்பி அனுப்பி, ‘இதை வாசகருக்குப் புரியும்படி எழுதுங்கள்’ என்று கேட்கப் பொறுமையுள்ள ஓர் இதழாசிரியர் தேவைப்பட்டிருக்கிறார்.

மேற்கோள் பட்டியலைப் பற்றி எனக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. படிக்காத கட்டுரையை, இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்து நம் பட்டியலில் ஒட்டிக்கொள்வது மாணவர் மட்டும் செய்யும் குற்றமல்ல. 2003-இல் இரண்டு ஆய்வாளர்கள், 1973-இல் வெளியான புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்று மேற்கோள் காட்டப்பட்ட இடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். தொகுதி எண், பக்க எண் போன்றவற்றில் நேர்ந்த அச்சுப்பிழைகளில் ஒரே பிழை மட்டும் 78 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியே ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறியிருக்க வாய்ப்பில்லை. மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரே மூலத்தைப் படித்திருக்கக்கூடும் என்பது அவர்கள் அதிலிருந்து செய்த மதிப்பீடு. அந்த எண்ணைப் பற்றி வாதிடலாம். அந்த 78-ஐப் பற்றி வாதிட ஒன்றுமில்லை.

இனி, மதிப்பாய்வு. முதன்முறை எழுதுபவருக்கு வரும் கடிதத்தில் ‘பெருந்திருத்தம் தேவை’ என்று இருந்தால் அவர் அதைத் தோல்வியாகப் படிக்கிறார். உண்மையில் அது நல்ல செய்தி. திருத்தமே இல்லாமல் முதல் சுற்றிலேயே ஒரு கட்டுரை ஏற்கப்படுவது மிக அரிது. பல மாதம் காத்திருந்த பிறகு மூன்று பக்கக் குறைகளுடன் கடிதம் வரும்போது மனம் சுருங்குவது இயல்புதான். அன்றைக்கே பதில் எழுத உட்காராமல் இருப்பது மட்டும் முக்கியம். ஒரு வாரம் கழித்துப் படித்தால், பகைவராகத் தோன்றிய இரண்டாம் மதிப்பாய்வாளர் நம் கட்டுரையை நம் நெறியாளரைவிடக் கவனமாகப் படித்திருப்பது தெரியும். (இரண்டாம் மதிப்பாய்வாளர் மேல் உலகம் முழுவதும் ஆய்வாளர்களுக்கு இருக்கும் கோபம் தனிப் பதிவுக்கு உரியது.)

பதில் கடிதம் எழுதுவது ஒரு தனிக் கலை. கட்டுரையின் தலைவிதி பல நேரங்களில் அதில்தான் தீர்மானமாகிறது. மதிப்பாய்வாளர் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் சொற்களிலேயே எடுத்தெழுதி, அதன் கீழே என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினோம் என்று காட்ட வேண்டும். அவர் சொன்னது தவறாக இருக்கலாம். அப்போது ஏற்கவில்லை என்று காரணத்துடன் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றால், அப்படிப் புரிந்துகொள்ள இடம் கொடுத்த வாக்கியம் நம்முடையதுதானே? அந்த வாக்கியத்தைத் திருத்தாமல் ‘தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்று மட்டும் எழுதி அனுப்பிய மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் நான்தான்.

இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றை ஓர் இதழ் ஏற்கவில்லை. அவர் அதில் ஒரு பகுதியைச் சேர்த்து இன்னொரு இதழுக்கு அனுப்பினார். தம் கோட்பாட்டின்படி நிறையுள்ள ஒரு புதிய துகள் இருக்க வேண்டும் என்ற கருத்து அந்தச் சேர்க்கையில்தான் வெளிப்படையாக வந்தது. 2012-இல் கண்டறியப்பட்டு அவர் பெயரால் அழைக்கப்படும் துகள் அதுவே. நிராகரிப்பெல்லாம் நன்மைக்கே என்று சொல்ல இதை நான் எடுக்கவில்லை. வீணான, நியாயமற்ற நிராகரிப்புகளும் ஏராளம். ‘இதனால் என்ன?’ என்ற கேள்வி வெளியிலிருந்து வந்தபோதுதான், அவர் தமக்குள் அறிந்திருந்த ஒன்று எழுத்தில் இறங்கியது என்பதற்காகச் சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் மாணவர் எங்கே பார்ப்பது? பலருக்குத் தெரியாத ஒன்று: ஈலைஃப், எஃப்1000ரிசர்ச், நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் போன்ற இதழ்கள் பல கட்டுரைகளோடு மதிப்பாய்வு அறிக்கைகளையும் ஆசிரியர்களின் பதில்களையும் சேர்த்தே வெளியிடுகின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஒரு கட்டுரையின் முதல் வடிவம் எப்படி இருந்தது, எந்தக் கேள்விக்கு ஆசிரியர் பணிந்தார், எங்கே உறுதியாக நின்றார், எந்தப் படம் புதிதாகச் சேர்ந்தது என்பதெல்லாம் அங்கே திறந்து கிடக்கின்றன. கட்டுரை எழுதுவது எப்படி என்று சொல்லும் பத்துப் பயிலரங்குகளைவிட, தம் துறையைச் சேர்ந்த இப்படிப்பட்ட ஐந்து கோப்புகளைப் பொறுமையாகப் படிப்பது மேல் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். பயிலரங்கு நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நானும் நடத்தியிருக்கிறேன்.

எழுதக் கற்றுக்கொடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் அந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன. பட்டம் பெறாத மாணவரை ‘மதிப்பிற்குரிய பேராசிரியரே’ என்று விளித்து, அவருடைய துறைக்குச் சம்பந்தமில்லாத இதழுக்குக் கட்டுரை கேட்டு, மூன்றே நாளில் ஏற்பு என்று உறுதி சொல்லி மின்னஞ்சல் வரும். ஜான் போஹனான் என்ற அறிவியல் செய்தியாளர், படித்த எவரும் உடனே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வைத்து ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்து யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டதாக 2013-இல் சயன்ஸ் இதழில் எழுதினார். அங்கே போய் விழும் மாணவரை ஏமாளி என்று சிரிப்பவர்கள், கெடுவுக்குள் இரண்டு கட்டுரை காட்டாவிட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்று அவரை நெருக்கியவர் யார் என்றும் கேட்க வேண்டும். உண்மையான மதிப்பாய்வு பல மாதம் எடுக்கும் என்று யாராவது ஒருமுறை அவருக்குச் சொல்லியிருந்தால், மூன்று நாள் ஏற்பு அவருக்கு மகிழ்ச்சி தந்திராது, சந்தேகத்தையே தந்திருக்கும்.

கட்டுரையாசிரியர் பெயர் வரிசையைப் பற்றி, வேலை தொடங்கும்போதே பேசிவிடுவது நல்லது. கட்டுரை முடிந்த பிறகு பேசினால் அது சண்டையாகிறது, அல்லது மாணவர் வாய் மூடிக்கொள்கிறார். பங்களிக்காதவர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது மரியாதையே அல்ல. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த அளவுகோலின்படி, ஆசிரியராக இருப்பவர் ஆய்வில் கணிசமாகப் பங்களித்து, எழுத்திலோ திருத்தத்திலோ ஈடுபட்டு, இறுதி வடிவத்தை ஏற்று, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்கு ஆசிரியர் இடம் இல்லை என்று அக்குழு 2023-இல் சொன்னதற்கும் காரணம் அந்தக் கடைசி நிபந்தனைதான்: பொறுப்பேற்க அவற்றால் முடியாது. நடையைச் செப்பனிட அவற்றைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை, இதழின் விதிப்படி அதை வெளிப்படையாகச் சொன்னால் போதும். ஆனால் அந்த ஆறு வரிகளை அவை எழுதித் தரும் என்று எதிர்பார்க்கும் மாணவர், நான் அன்று அடித்துத் தள்ளிய நான்கு பக்கங்களைத்தான் இன்னும் அழகான நடையில் பெறுவார்.

எங்கள் வாசிப்புக் குழுவில் புதிய மாணவர்கள் சேரும்போது இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதல் நாள், என் கட்டுரை ஒன்றின் மூன்று வரைவுகளையும், அதற்கு வந்த இரண்டு மதிப்பாய்வு அறிக்கைகளையும், பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுக்கிறேன். அச்சில் வந்த வடிவத்தைக் கொடுப்பதில்லை. படித்துவிட்டு, இந்தக் கட்டுரைக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்றே எழுதுகிறார்கள். அடுத்த வாரம் பதில் கடிதத்தையும் வெளியான கட்டுரையையும் கொடுத்துவிட்டு, அவர்களுடைய முதல் வரைவைக் கேட்கிறேன். முன்பெல்லாம் அதை வாங்க மாதக்கணக்காகும்.