டிகிரி மாணவர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் வராது என்பது தவறு

அண்ணா, உங்கள் பதிவைப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பிள்ளைகள் நிறைய பேர் படிப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். டிகிரி படிக்கும்போது ஆய்வகத்தில் சேர்ந்தால் குழாய் கழுவத்தான் விடுவார்கள், கட்டுரையில் பெயர் வருவதெல்லாம் பிஎச்டி மாணவர்களுக்குத்தான் என்று நீங்கள் எழுதியது சரியில்லை.

மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு வைத்திருக்கும் விதிகள் பட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவைத் திரட்டி அலசுவதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது ஆழமாகத் திருத்துவதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வுக்குப் பொறுப்பேற்பது, இந்த 4ம் இருந்தால் முதலாண்டு மாணவரும் கட்டுரையாசிரியர்தான். வெறும் மாதிரி எடுத்துக் கொடுத்தால் நன்றிக் குறிப்போடு சரி, அதுவும் உண்மை. அதனால் பிள்ளைகள் சேரும்போதே மேற்பார்வையாளரிடம் மரியாதையாகக் கேட்டுவிட வேண்டும்: எந்தக் கேள்வி என் பொறுப்பு, தரவை நான் அலசலாமா, எழுதும்போது என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?

1921ல் கனடாவின் டொராண்டோவில் மருத்துவர் பாண்டிங்குடன் இன்சுலின் ஆய்வில் இறங்கிய சார்ல்ஸ் பெஸ்ட் அப்போதுதான் இளங்கலை முடித்த 22 வயதுப் பையன். 1922ல் வந்த கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 1969லேயே இளங்கலை மாணவர்களுக்கென்று ஆய்வுத் திட்டம் தொடங்கிவிட்டது.

அப்புறம், பெரிய ஆய்வகம் இருந்தால்தான் ஆய்வு என்பதையும் ஏற்க முடியாது. நம்மைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டம். மகரந்தச் சேர்க்கைக்காக 1981ல் மலேசியாவில் கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க வண்டுகள் ஓர் ஆண் பூங்குலைக்கு எத்தனை வருகின்றன, அடைமழையில் குறைகின்றனவா என்று ஒழுங்காக எண்ணிப் பதிவு செய்வது ஓர் இறுதியாண்டு மாணவர் தாராளமாகச் செய்யக்கூடிய ஆய்வு.